கீறல் விழாமல் பழைய ராப்பையும் இறகையும் கழற்ற

அம்பில் காசு போவது தண்டுக்குத்தான். இறகு, ராப் (இறகுக்கு அடியில் தண்டைச் சுற்றி ஒட்டும் வினைல் தாள்), நாக் (பின்முனையில் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டு) எல்லாம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் சில்லறைச் சாமான். ஆனாலும் பழைய இறகைக் கழற்ற உட்காரும்போது பலரும் கையில் எடுப்பது அப்போதுதான் உறை பிரித்த புது பிளேடு. ஒரு டஜன் அம்பு அரை மணியில் மொட்டையாகிவிடும். எந்தத் தண்டில் வெட்டு விழுந்தது என்று அடுத்த வாரம் மைதானத்தில்தான் தெரியும். ராப்பைக் கழற்றச் சரியான சூடு இருந்தால் போதும். பிளேடுக்கு அங்கே வேலையே கிடையாது.

காரணம் தண்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. கார்பன் தண்டு என்பது கார்பன் இழைகளை எபாக்ஸிப் பிசினில் தோய்த்து இறுக்கிய குழாய். இழைகளில் பெரும்பகுதி நீளவாட்டில் ஓடும். நாணை விட்ட நொடியில் அம்பு நேர்கோடாகப் போவதில்லை. இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் கிளம்புகிறது. அந்த வளைவின் இழுப்பை அதிகமாகத் தாங்குவது வெளிப்புறத்தில் இருக்கும் இழைகள். அவற்றின் குறுக்கே பிளேடு இறங்கினால் அந்த இடத்தில் தண்டு பலவீனப்படும். விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். உடைந்த கார்பன் தண்டு வில் பிடித்திருக்கும் கையில் குத்தி இறங்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் இவ்வளவு கவனம்.

முதல் வேலை, இந்த அம்புக்கு மறுபடி இறகு ஒட்டுவது தகுமா என்று பார்ப்பது. இரண்டு முனையையும் பிடித்து லேசாக வில் போல வளையுங்கள். கால் திருப்பு திருப்பி மறுபடி வளையுங்கள், ஒரு முழுச் சுற்று வரும்வரை. வளைக்கும்போது தண்டு முகத்துக்கு நேரே இருக்க வேண்டாம். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டாலோ, கையில் நறநறவென்று உணர்ந்தாலோ அந்த அம்பை அங்கேயே இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைக்காமல் போட்டால் யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். அடுத்து, ஒரு பஞ்சு உருண்டையைத் தண்டின் மேல் நீளமாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிராய் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கார்பன் சிராய் மரச்சிராயைப் போலச் சுலபத்தில் வெளியே வராது.

இரண்டாவது, கழற்றுவதற்கு முன்னால் அளந்து எழுதிக்கொள்வது. நாக்கில் நாண் உட்காரும் குழியிலிருந்து இறகின் பின்முனைக்கு எத்தனை மில்லிமீட்டர், இறகு நேராக இருக்கிறதா, சாய்வா, முறுக்கா, சாய்வென்றால் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். ஒரு நல்ல அம்பை அளந்து, போனில் படமும் எடுத்துவிட்டால் போதும். நாக்கைத் திருப்பித் திருப்பி, அம்பு ஒழுங்காகப் பறக்கும்படி ட்யூன் செய்தவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். தண்டின் விறைப்பான பக்கத்தைக் காட்டும் புள்ளியை ராப்பின் மேலேயே போட்டிருப்பார்கள். ராப் போனால் அதுவும் போச்சு. உரிப்பதற்கு முன் அந்தப் புள்ளிக்கு நேராக, ராப்புக்கு முன்புறமுள்ள வெறும் தண்டில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெர்மனென்ட் மார்க்கர் கோடு வெந்நீரில் போகாது, ஆல்கஹாலில் போய்விடும். துடைக்கும்போது அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் சரி.

பிறகு நாக். கையால் திருகிக்கொண்டே வெளியே இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இறுக்கமென்றால் நாக் இடுக்கி, அதுவும் வராவிட்டால் பத்து விநாடி வெந்நீர். சாதாரண குறடால் நசுக்கி இழுத்தால் நாக்கின் காது உட்பக்கமாக மடங்கும். அப்படிப்பட்ட நாக் நாணை இறுக்கிப் பிடிக்கும், அம்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கிளம்பும். சந்தேகமிருந்தால் அந்த நாக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பின் நாக் (தண்டில் செருகிய சின்ன உலோகப் பின்னின் மேல் மாட்டும் நாக்) போட்ட மெல்லிய தண்டாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் பின்னை ஹாட்மெல்ட் பசையில் ஒட்டியிருந்தால் வெந்நீரில் அது இளகிவிடும். வேலை முடிந்து ஆறியதும் ஒவ்வொரு பின்னையும் அசைத்துப் பாருங்கள்.

இனி வெந்நீர். ராப் நான்கிலிருந்து ஏழு அங்குலம் வரை இருக்கும் என்பதால் அகலமான பாத்திரம் உதவாது. ஒரு லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க் போல இதற்குத் தோதான சாமான் வேறில்லை. ஆழமும் இருக்கிறது, ஒரு டஜன் முடியும்வரை சூடும் நிற்கும். கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் முக்கால் அளவு ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் அடுப்பு மேலேயே அம்பை விடுவது தேவையில்லாத முரட்டுத்தனம். வினைலும் அதன் பசையும் இளகுவதற்கு 80 டிகிரி சுற்றளவு சூடு போதும். எபாக்ஸிக்கும் சூட்டுக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை நெருங்க வேண்டிய அவசியமே இல்லை.

தண்டுக்குள் தண்ணீர் போய்விடாதா என்று கேட்பார்கள். முன்பக்கம் முனை மாட்டியிருந்தால் போகாது. கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்பதைப் போலத்தான். முனையைக் கழற்றியிருந்தால் மட்டும் குழாய் நிரம்பிவிடும். அதனால் முனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

அம்பைப் பின்பக்கம் கீழே இருக்கும்படி பிளாஸ்கில் விட்டு, ராப் முழுவதும் மூழ்கியதா என்று பார்த்துக்கொண்டு, 15 முதல் 20 விநாடி வையுங்கள். எடுத்ததும் ஒரு பழைய துண்டால் நீரை ஒற்றிவிட்டு, ராப்பின் முன் விளிம்பில், அது தன் மேலேயே ஏறி ஒட்டியிருக்கும் மடிப்பைத் தேடுங்கள். அந்த மூலையை நகத்தால் நெம்பினால் போதும், எழும்பும். பிடித்து நேர் மேலே இழுக்காதீர்கள். மூலையைத் திருப்பி மடித்து, உரிந்த பகுதி ராப்பின் மேலேயே படுத்து ஓடுகிற மாதிரி, மெதுவாகத் தண்டைச் சுற்றி உரியுங்கள். வாழை நாரை மட்டையிலிருந்து உரிக்கிற வேகம். சரியான பதத்தில் இருந்தால் ராப் கொஞ்சமும் இழுபடாமல், இறகுகளோடு சேர்ந்தே ஒரே தாளாக வந்துவிடும். உரிகிற இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். வினைலும் தண்டும் பிரிகிற கோட்டில் பசை மெல்லிய வெள்ளை நூல்களாக இழுபட்டு, அறுந்து, வினைல் பக்கமே சுருண்டு போகும். அதுதான் பதம். நூல்கள் நீண்டு தண்டின் மேல் படிந்தால் சூடு அதிகம். பத்து விநாடி ஆறவிடுங்கள். நூலே வராமல் வினைல் ‘டப் டப்’பென்று துண்டுதுண்டாகக் கிழிந்தால் சூடு போதாது, மறுபடி பிளாஸ்கில் விடுங்கள். கிழிந்த துண்டோடு பிளேடு கொண்டு போராடுவதில்தான் தண்டுகள் கெட்டுப்போகின்றன.

ராப்பில் ஒட்டிய இறகுகளை முதலில் தனியாக வெட்டி எடுக்க வேண்டியதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது வீண் வேலை. ராப்பை மிச்சம் பிடித்து ஒரு இறகை மட்டும் மாற்றும் முயற்சியும் பெரும்பாலும் கிழிசலில்தான் முடியும். ராப் போட்ட அம்பில் ஒரு இறகு போனாலும் மொத்தமாக உரித்துப் புதிதாகப் போடுவதுதான் நேர மிச்சம்.

ஹேர் டிரையரும் இதே வேலையைச் செய்யும். ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தண்டை உருட்டிக்கொண்டே அரை நிமிடம் காட்டினால் ராப் இளகும். ஹீட் கன் வேண்டாம். அது சில நூறு டிகிரி வரை போகும், ஒரே இடத்தில் ஐந்து விநாடி நின்றாலே எபாக்ஸி கெட்டுவிடும். லைட்டர் தீயைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பல வருஷம் மாற்றாமல் விட்ட ராப் மட்டும் பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். வினைலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக ஆகப் பசைக்குள் இறங்கி அதைக் கொழகொழவென்று ஆக்கிவிடுகிறது. முதலில் சூடு இருக்கும்போதே கட்டைவிரலால் உருட்டுங்கள். பாதி உருண்டையாகத் திரண்டு வந்துவிடும். மீதிக்கு நீலகிரித் தைலம் நன்றாக வேலை செய்கிறது. நாலு சொட்டு தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு வழித்தெடுங்கள். தேங்காய் எண்ணெயும் இளக்கும், இன்னும் நேரம் எடுக்கும். ஆனால் எந்த எண்ணெயானாலும் தண்டில் ஒரு படலம் விட்டுத்தான் போகும், அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால்தான் அந்தக் கட்டம் முடிந்தது.

ராப் இல்லாமல் வெறும் தண்டில் நேராக ஒட்டிய இறகு வேறு விஷயம். இங்கே சுரண்டாமல் முடியாது. பெரும்பாலும் ஃபெவிக்விக் வகைப் பசைதான் இருக்கும், அதாவது சயனோஅக்ரிலேட். அதன் குணம் தெரிந்தால் வேலை சுலபம். நேராக இழுத்தால் பிடிவாதமாக நிற்கும், ஓரத்திலிருந்து நெம்பினால் விட்டுக்கொடுக்கும். நல்ல சூட்டிலும் அதன் பிடி தளரும். அதனால் இங்கேயும் முதலில் வெந்நீரில் அரை நிமிடம். பிறகு இறகைக் கையால் பிடித்து இழுத்துப் பிய்க்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பசை தண்டின் மேல்பூச்சைவிட வலுவாகப் பிடித்திருந்தால் மேல்பூச்சோடு கார்பன் இழையும் கிளம்பி வரும்.

சுரண்டுவதற்கு மழுங்கிய கத்தி, அல்லது இறகு கழற்றுவதற்கென்றே விற்கும் வளைந்த வாய் கொண்ட ஸ்டிரிப்பர். கத்தியென்றால் தண்டோடு கிட்டத்தட்டப் படுத்த நிலையில், 15–20 டிகிரிக்கு மேல் நிமிராமல் பிடியுங்கள். அம்பின் முன்பகுதியை இடக்கையில் பிடித்து, பின்பகுதி உங்களுக்கு எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இறகின் முன்முனையில் பொட்டு வைத்த மாதிரி பசை திரண்டிருக்கும். அதை முதலில் நெம்பி உடைத்துவிட்டு, கத்தியை உடம்பிலிருந்து விலகும் திசையில், தண்டின் நீளவாட்டிலேயே தள்ளுங்கள். கத்தி வழுக்கினாலும் காற்றில்தான் போகும். குறுக்கே ஒரு தரம்கூட இழுக்க வேண்டாம். கத்தி தண்டில் ‘கிர்ர்’ என்று கடிப்பது கேட்டால் கோணம் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இறகு போன பிறகு மூன்று வரி பசை மேடாக நிற்கும். அசிட்டோன் இதைக் கரைக்கும். டிஷ்யூ காகிதத்தை அதில் நனைத்து அந்த வரியின் மேல் ஒரு நிமிடம் சுற்றி வைத்து, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளினால் தயிர் போல வழிந்து வரும். தண்டை அசிட்டோனில் ஊறப்போடக் கூடாது. துடைத்த கையோடு ஆவியாகிவிடுகிற அளவுக்கு மட்டும் படட்டும். அச்சடித்த எழுத்தும் வண்ணமும் அதில் போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொட வேண்டும். நாக் மாட்டியிருந்தால் கட்டாயம் கழற்றிவிடுங்கள். பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் முடிமுடியாக வெடிப்பு விடும், அந்த வெடிப்பு எய்யும்போது பிளக்கும். இதற்குப் பதிலாக நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்குகிறவர்கள் சீசாவைப் படித்துப் பாருங்கள். அதில் பலவற்றில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

அசிட்டோன் ஆவி அறைச் சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வெந்நீர் வைத்த அதே அடுப்படியில் அந்தச் சீசாவைத் திறக்காதீர்கள். ஜன்னல் திறந்த வேறு அறை, நைட்ரைல் கையுறை. கார்பனை உப்புத்தாளால் தேய்க்க வேண்டி வந்தால் 400 எண்ணுக்குக் குறையாத தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த கார்பன் தூள் மூக்குக்குள் போகக் கூடாத பொருள், முகக்கவசம் கட்டுங்கள்.

அலுமினியத் தண்டுக்கு இந்தக் கவலைகளில் பாதி இல்லை. சிராய் கிடையாது, அசிட்டோனுக்கும் அசையாது. ஆனால் அதன் வண்ணம் என்பது அனோடைஸ் செய்த மெல்லிய தோல். எஃகுக் கத்தி பட்டால் வெள்ளைக் கோடு விழும், அது திரும்ப வராது. பிளாஸ்டிக் கார்டே போதும். சூடு வேறு விதத்தில் தொல்லை தரும். கார்பன் தண்டின் ஒரு முனை வெந்நீரில் இருந்தாலும் மறுமுனையை நிம்மதியாகப் பிடிக்கலாம். அலுமினியம் அப்படியில்லை, சூடு விறுவிறுவென்று கைக்கு ஏறும், துணி சுற்றிப் பிடியுங்கள். பின்முனையில் ஹாட்மெல்ட்டில் ஒட்டிய புஷிங் (நாக்கைப் பொருத்தும் சின்னக் குழல்) இருந்தால் அதுவும் இளகும். ஈஸ்டனின் எக்ஸ்எக்ஸ்75 தண்டு 7075 ரக அலுமினியம், எக்ஸ்7 தண்டு 7178 ரகம். இரண்டும் பதமேற்றி வலுவாக்கிய உலோகம். தீயில் காட்டினால் அந்தப் பதம் இறங்கி, அடுத்த முறை இலக்கில் பட்டதும் வளைந்துபோகும்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக வந்த எக்ஸ்10 போன்ற தண்டுகளில் உள்ளே மெல்லிய அலுமினியக் குழாய், மேலே கார்பன். இவற்றைக் கார்பனாகவே கருதி நடத்த வேண்டும். நுனி வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில்லில் எய்பவர்கள் இவற்றில் பெரும்பாலும் ஸ்பின் விங் என்கிற சுருள் இறகு ஒட்டுவார்கள். அது இரட்டைப்பக்க டேப்பில்தான் நிற்கிறது, இரண்டு நுனியிலும் மெல்லிய டேப் சுற்றியிருக்கும். கத்தியே வேண்டாம். நுனி டேப்பைச் சுற்றி உரித்து, இறகை இழுத்துவிட்டு, தண்டில் தங்கிய டேப்பைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து ஆல்கஹாலால் துடைத்தால் ஆயிற்று. இந்தியன் ரவுண்டு என்கிற உள்நாட்டுப் போட்டிப் பிரிவில் எய்கிற மர, மூங்கில் அம்புகளுக்கு வெந்நீர் ஆகவே ஆகாது. நரம்பு எழும்பும், தண்டு கோணும். இறகின் நடுக்காம்பை மழுங்கிய கத்தியால் நீளவாட்டில் சீவி எடுத்து, மிச்சத்தை மெல்லிய உப்புத்தாளால் இழைக்க வேண்டியதுதான். நுனியில் நூல் கட்டியிருந்தால் அதை முதலில் அறுத்துவிடுங்கள். வார்னிஷ் பூசிய மரத்தில் அசிட்டோன் பட்டால் வார்னிஷும் சேர்ந்து கரையும்.

எல்லாம் முடிந்ததும் தண்டு சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீரைக் கேட்க வேண்டும். குழாயடியில் அம்பைச் சாய்வாகப் பிடித்து, இறகு ஒட்டப்போகும் இடத்தில் சன்னமாகத் தண்ணீர் விட்டு எடுத்துப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி நீர் முத்துமுத்தாகத் திரண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக, கிழியாமல் பரவி நின்றால் சுத்தம். ஒரு விரல் பட்ட இடத்தில்கூடப் படலம் பிளந்து ஒதுங்குவது தெளிவாகத் தெரியும். இந்தச் சோதனையைத் தாண்டிய தண்டைப் பின்பகுதியில் தொடாதீர்கள், மேசையில் வைக்கும்போதும் முன்பாதியைப் பிடித்தே வையுங்கள். ஒட்டிய ஒரே வாரத்தில் இறகு தானாக உதிர்ந்தால் பழி பசையின் மேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கைரேகை எண்ணெய்தான்.

பிறகு காய வேண்டும். நாக் போடாமல், பின்முனை கீழே இருக்கும்படி ஒரு துண்டின் மேல் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். உள்ளே தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 கிராம், அதாவது அம்பை எடைபோடும் அளவில் முக்கால் கிரெய்ன். அம்புகளை ஒரு கிரெய்ன் வித்தியாசத்துக்குள் பொருத்தி வைத்திருப்பவருக்கு அது பெரிய எடை. காய்ந்ததும் எல்லாவற்றையும் தராசில் போட்டு எழுதிக்கொள்ளுங்கள் (1 கிராம் 15.43 கிரெய்ன்). ஒன்று மட்டும் கனமாக இருந்தால் அதில் இன்னும் பழைய பசை ஒளிந்திருக்கிறது, அல்லது உள்ளே ஈரம்.

புது ராப் ஒட்டப்போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி தண்டின் விட்டம் 9.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாக்கின் குழியிலிருந்து 22 சென்டிமீட்டருக்குள் நிற்கும் ராப்பின் கனம் அந்தக் கணக்கில் சேராது. உள்ளரங்கப் போட்டிக்கான தடித்த தண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு முக்கியம். அம்பு ஒவ்வொன்றிலும் எய்பவரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும் என்பதும் விதி. பலருக்கு அந்தப் பெயர் பழைய ராப்பில்தான் அச்சாகியிருந்தது, அது இப்போது குப்பைக்கூடையில். ராப் வேண்டாமென்று முடிவு செய்தவர்கள் மார்க்கரை எடுத்துத் தண்டிலேயே எழுதிவிடுங்கள். வால்பக்க எடை குறைந்துவிட்டதால், வில்லின் சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) உள்ள பழைய குறிகளை நம்பாமல், இறகில்லாத அம்பு ஒன்றையும் இறகுள்ள மூன்றையும் 18 மீட்டரில் எய்து மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.